சினிமாச் செய்தியும் செய்திதான்

2020 ஜூன் மாதக் கடைசியில், பாடகி எஸ்.ஜானகி காலமாகிவிட்டார் என்றொரு தகவல் வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. அவருக்குச் சிறிய அறுவை சிகிச்சை ஒன்று நடந்திருந்தது, தேறிவந்தார். விசாரித்து வந்த அழைப்புகள் ஓயாததால் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் ஒரு காணொளி வெளியிட்டார். ஜானகியம்மா நலமாக இருக்கிறார், இப்படிப்பட்ட வதந்திகளைப் பரப்பாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி அவரே கரோனா தொற்றோடு சென்னை எம்.ஜி.எம். மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த வாரமே உடல்நிலை மோசமாகித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

அதன்பின் அவருடைய மகன் எஸ்.பி.சரணுக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்தது. தந்தையின் நிலைமையை மருத்துவர்களிடம் கேட்டு, அதைக் காணொளியாகப் பதிவு செய்து ஊருக்குச் சொல்லும் வேலை. ஆகஸ்ட் 24-ஆம் தேதி காலையில் அவர் வெளியிட்ட காணொளி, ஒரு செய்தியை மறுப்பதற்காகவே எடுக்கப்பட்டது. எஸ்.பி.பி.க்குத் தொற்று நீங்கிவிட்டது என்று ஊடகங்கள் வெளியிட்டிருந்தன. அது உண்மையில்லை, அப்பா இன்னும் உயிர்காக்கும் கருவிகளின் உதவியோடுதான் இருக்கிறார், தகவல் எதுவானாலும் மருத்துவமனையிலிருந்து முதலில் எனக்குத்தான் வரும் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. நல்ல செய்திதானே, தவறாக வந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நாடே பிரார்த்தித்துக்கொண்டிருந்த வேளையில் பொய்யான நம்பிக்கையைக் கொடுத்து, அதை உடைக்கும் பொறுப்பை மகன் தலையில் சுமத்துவது நல்ல செய்தி ஆகாது. செப்டம்பர் 25-ஆம் தேதி எஸ்.பி.பி. மறைந்தார்.

நாளிதழ் ஒன்றின் சினிமா பக்கத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, அந்தப் பக்கத்தின் பொறுப்பாசிரியராக ஓய்வு பெற்றேன். என் பணிக்காலம் முழுவதும் பத்திரிகை அலுவலகங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: “சினிமா செய்திதானே, போட்டுவிடு.” அரசியல் செய்தி என்றால் ஆவணம் எங்கே என்பார்கள். நீதிமன்றச் செய்தி என்றால் தீர்ப்பு நகல் வேண்டும். வணிகப் பக்கத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் மறுநாள் திருத்தம் வரும். ஒரு நடிகையின் திருமணம் முறிந்தது என்பதற்கு மட்டும் எந்தத் தாளும் தேவைப்படாது. இந்தச் சலுகையைப் பத்திரிகைத் துறை தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரணச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் கேடு அதிகம். மூத்த கலைஞர் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தவுடன், எந்தச் செய்தி அலுவலகத்திலும் அவரைப் பற்றிய அஞ்சலிக் கட்டுரை தயாராகிவிடும். பிறந்த ஊர், முதல் படம், விருதுகள், அரிய புகைப்படங்கள் எல்லாம் கோக்கப்பட்டுக் காத்திருக்கும். இதில் தவறில்லை; பொறுப்பாக எழுத நேரம் வேண்டும். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒருவர், உள்ளேயிருந்து வந்த யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “முடிந்துவிட்டது போலிருக்கிறது” என்று ஒரு குழுவில் தட்டுகிறார். அதைப் பார்த்து ஓர் இணையதளம் செய்தி போடுகிறது. அந்த இணையதளத்தைப் பார்த்து ஒரு தொலைக்காட்சி ‘பிரேக்கிங்’ போடுகிறது. தொலைக்காட்சியைப் பார்த்துப் பிரமுகர்கள் இரங்கல் தெரிவிக்கிறார்கள். பிரமுகர்களின் இரங்கலைச் சான்றாகக் காட்டி மற்ற எல்லோரும் அஞ்சலிக் கட்டுரையை வெளியிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் பத்து ஊடகங்கள் சொல்லியிருக்கும். விசாரித்துப் பார்த்தால் ஒருவர்கூட மருத்துவரிடமோ குடும்பத்தாரிடமோ பேசியிருக்க மாட்டார்.

2016 டிசம்பர் 5-ஆம் தேதி மாலையை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகப் பல தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, உயிர்காக்கும் கருவிகளோடு சிகிச்சை தொடர்கிறது என்றது. இறங்கிய கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30 மணிக்கு அவர் காலமானார் என்பது அதிகாரப்பூர்வ அறிவிப்பு. மாநிலம் முழுவதும் கடைகளை அடைத்துக்கொண்டு பதறி ஓடிய மக்களுக்கு, அந்தச் சில மணி நேரக் குழப்பத்தால் எந்த ஆபத்து வேண்டுமானாலும் நேர்ந்திருக்கலாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 11-ஆம் தேதி, இந்தி நடிகர் தர்மேந்திரா இறந்துவிட்டதாக நாட்டின் பெரிய ஊடகங்களே வெளியிட்டன. மனைவி ஹேமமாலினியும் மகள் ஈஷா தியோலும் சமூக ஊடகத்தில் மறுப்பு எழுத வேண்டியிருந்தது. சிகிச்சைக்கு உடல் ஒத்துழைத்துவரும் ஒருவரைப் பற்றிப் பொறுப்புள்ள சேனல்கள் இப்படிச் செய்யலாமா, இது மன்னிக்க முடியாதது என்று எழுதினார் ஹேமமாலினி. தர்மேந்திரா வீடு திரும்பினார். நவம்பர் 24 அன்றுதான் மறைந்தார்.

குணச்சித்திர நடிகை ஒருவரின் மகள் ஒருமுறை என்னை அலைபேசியில் அழைத்தார். தன் அம்மா இறந்துவிட்டதாக ஓர் இணையதளத்தில் வந்திருக்கிறது என்றார். “அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் சார். காலையிலிருந்து அவர் போனுக்கே துக்கம் விசாரித்து அழைக்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். யாரிடம் சொன்னால் இதை எடுப்பார்கள்?” அந்த இணையதளத்தில் தொலைபேசி எண் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. மாலையில் அந்தச் செய்தி சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. தவறு நடந்தது என்று ஒரு வரி இல்லை, வருத்தம் தெரிவிக்கவில்லை. காலையில் படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த அம்மா இறந்தவராகவே இருந்தார். அடுத்த சில மாதங்கள் தனக்கு வர வேண்டிய சின்னச் சின்ன வாய்ப்புகள்கூட வராமல் போனதாக அவர் பிறகு என்னிடம் சொன்னார். பெரிய நட்சத்திரத்துக்கு மறுப்புச் சொல்ல ஆள் இருக்கிறது. நாள் சம்பளத்துக்கு நடிக்கும் கலைஞருக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த நோய் யூடியூப் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் 1940-களின் சென்னையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சி.என்.லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தைப் பற்றி அதில் வந்தவற்றைச் சகிக்க முடியாமல் திரையுலகத்தினர் ஆளுநரிடம் முறையிட, அதன் அனுமதி ரத்தானது. அவர் ‘இந்து நேசன்’ என்ற பெயரில் மறுபடி தொடங்கினார். எழுதாமல் இருப்பதற்குப் பணம் என்பதே அந்தத் தொழிலின் அடிப்படை. 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. தம் ‘ஹரிதாஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சிறைக்குப் போன பாகவதரால், வெளியே வந்தபின் பழைய இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. எழுதியவர் உயிர் போயிற்று, எழுதப்பட்டவர்களின் வாழ்வும் குலைந்தது. அந்தப் பத்திரிகையை ஒளித்துவைத்துப் படித்த சென்னைவாசிகள் ஏராளம் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அன்று பணம் நட்சத்திரத்திடமிருந்து, எழுதாமல் இருப்பதற்காக வந்தது. இன்று பார்வை எண்ணிக்கையிலிருந்து, எழுதுவதற்காகவே வருகிறது. அதனால் இன்று யாரையும் மிரட்டக்கூடத் தேவையில்லை. தம்ப்நெயிலில் ஒரு படம், ஒரு கேள்விக்குறி, ஓர் அழும் முகம் போதும்.

2024 நவம்பர் 19-ஆம் தேதி ஏ.ஆர்.ரஹ்மானின் மனைவி சாய்ரா பானு, கணவரைப் பிரிவதாகத் தம் வழக்கறிஞர் மூலம் அறிவித்தார். அன்றே, ரஹ்மானின் இசை நிகழ்ச்சிகளில் வாசித்த ஓர் இளம் பெண் கலைஞரும் தம் கணவரைப் பிரிவதாக அறிவித்தார். இரண்டு அறிவிப்புகளும் ஒரே நாளில் வந்தன என்பதைத் தவிர வேறு எந்தத் தகவலும் எவரிடமும் இல்லை. அது போதுமானதாக இருந்தது. விடிவதற்குள் கதை, வசனம், பின்னணி எல்லாம் தயார். ரஹ்மானின் மகன் அமீன் மறுத்தார். அந்தப் பெண், ரஹ்மான் தமக்குத் தந்தை போன்றவர் என்று விளக்க நேர்ந்தது. அவதூறான பதிவுகளை நீக்கச் சொல்லி ரஹ்மான் தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை. அவருடைய இசையைப் பற்றி எழுதும்போது எழுத வேண்டிய பெயர் அது.

பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் காலத்தில் கொடிய உதாரணம் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கு. 2020 ஜூன் 14-ஆம் தேதி அவர் இறந்தபின், மாதக்கணக்கில் இந்தித் தொலைக்காட்சிகள் ஒரு பெண்ணைக் கொலைகாரியாகச் சித்திரித்தன. அந்தப் பெண், நடிகை ரியா சக்ரவர்த்தி, போதைப்பொருள் வழக்கில் கிட்டத்தட்ட ஒரு மாதம் சிறையில் இருந்தார். சுஷாந்த் எழுதவே இல்லாத பதிவுகளை அவருடைய கடைசிப் பதிவுகள் என்று காட்டிய ஒரு முன்னணி சேனலுக்கு, ஒளிபரப்பாளர்களின் தர ஆணையம் ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் பதிவுகள் அவருடைய கணக்கில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. தன் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்தது. ரியா மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளை அவருக்கு எந்தச் சேனல் திருப்பித் தரும்?

உண்மை பார்க்க வேண்டும் என்று சொன்னால் என் நண்பர்கள் சிலர் வேறொரு கவலையைச் சொல்வார்கள். “நட்சத்திரங்களும் பெரிய தயாரிப்பாளர்களும் செய்யும் தவறுகள் எல்லாம் கிசுகிசுவாகத்தானே வெளியே வருகின்றன? ஆதாரம், ஆதாரம் என்று கேட்டால் பெரிய மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள்.” நேர்மையான கவலை. ஆனால் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பெண்களிடம் அத்துமீறுவது பற்றிப் பல ஆண்டுகளாக அந்த ஊர் முழுக்க முணுமுணுப்பு இருந்தது. அந்த முணுமுணுப்பால் ஒரு பெண்ணுக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2017 அக்டோபர் 5-ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ஜோடி கேன்டர், மேகன் டூஹி எழுதிய கட்டுரை வந்தது. நிறுவனத்தின் உள் ஆவணங்கள், பெண்களோடு செய்துகொண்ட பண உடன்பாடுகள், பெயரோடு பேச முன்வந்த நடிகை ஆஷ்லி ஜட்டின் வாக்குமூலம், குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பின் பதில் எல்லாம் அதில் இருந்தன. மூன்றே நாளில் வைன்ஸ்டீன் தன் சொந்த நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். பிறகு சிறைக்கும் போனார்.

கேரளத்தில் 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவும் முணுமுணுப்பைச் சாட்சியமாக மாற்றியது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது மலையாளத் திரையுலகம் அதிர்ந்ததற்குக் காரணம், அதில் பேசிய பெண்களை ஒரு குழு உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்திருந்ததுதான். கிசுகிசு இதற்கு உதவுவதில்லை, தடையாகவே இருக்கிறது. ‘மூன்றெழுத்து நடிகை’, ‘உயரமான நாயகன்’ என்று விடுகதை போட்டே பழகிய பக்கத்தில், ஒரு பெண் உண்மையாகவே புகார் சொல்லும்போது வாசகர் அதையும் இன்னொரு விடுகதையாகப் படிக்கிறார். பெயரோடு எழுத முடியாத, ஆதாரம் காட்ட முடியாத ஒன்றை விடுகதையாகவும் எழுதக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

இன்னொரு மறுப்பும் உண்டு: சினிமாக்காரர்களே பொய் சொல்கிறார்களே? உண்மைதான். வசூல் கணக்கைப் பாருங்கள். படம் வெளியான மூன்றாம் நாளே ‘நூறு கோடி’ என்று போஸ்டர் வருகிறது. மறுநாள் அதுவே செய்தி. டிக்கெட் விற்ற மொத்தத் தொகை ஒன்று. அதில் ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி போக நிற்பது வேறொன்று. அதிலிருந்து திரையரங்குக்காரர் தம் பங்கை எடுத்தபின் விநியோகஸ்தர் கையில் வரும் ‘ஷேர்’ மூன்றாவது. போஸ்டரில் இருப்பது எது என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் திரையரங்குகளிலிருந்து வசூலைத் தொகுத்து வெளியிட நிறுவனங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் எல்லாத் திரையரங்குகளையும் இணைத்து வெளிப்படையாகக் கணக்குச் சொல்லும் அதிகாரப்பூர்வ அமைப்பு இல்லை. அப்படியிருக்க, ‘தயாரிப்புத் தரப்பு சொல்லும் மொத்த வசூல்’ என்று எழுதுவதுதான் நியாயம். அந்தச் சொற்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட்டதாகவே பொருள்.

திரைத்துறையின் விளம்பரப் பக்கத்திலேயே நின்று துல்லியத்தைக் காத்தவர் ஒருவர் இருந்தார். ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு 1958-இல் மக்கள் தொடர்பாளராகி, அந்தத் தொழிலுக்கே தமிழில் முன்னோடியான ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன். வெளியான படங்களின் தேதி, நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். 2004-இல் வந்த ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ அந்த உழைப்பின் பலன். 2016 மார்ச்சில் அவர் மறையும்வரை, சினிமா எழுதுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மனிதர் இருந்தார். படத்தை விற்பது அவர் தொழில். ஆனாலும் வெளியீட்டுத் தேதியை மாற்றிச் சொல்வது அவருக்கு அவமானமாக இருந்திருக்கும். செய்தி எழுதுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த மானம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும்.

சட்டமும் அமைப்புகளும் என்ன செய்கின்றன? இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் துல்லியத்தை முதலிடத்தில் வைக்கின்றன. மன்றத்தால் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. ஒளிபரப்பாளர்களின் ஆணையம் விதிக்கும் ஒரு லட்ச ரூபாய் அபராதம் போதுமானதா என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே கேட்டது. யூடியூப் சேனல்களில் பெரும்பாலானவை எந்த அமைப்பிலும் இல்லை. ஆகவே நீதிமன்றம்தான் கடைசி வழி. நடிகர் அபிஷேக் பச்சன், ஐஸ்வர்யா ராய் தம்பதியின் மகள் ஆராத்யாவின் உடல்நிலை பற்றிப் பரப்பப்பட்ட பொய்க் காணொளிகளுக்கு, 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அப்போது அந்தக் குழந்தைக்கு 11 வயது. வழக்கு நடத்தப் பணமும் பெயரும் உள்ள குடும்பத்துக்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு நாம் வைத்துக்கொள்ளும் ஒழுங்குதான் பாதுகாப்பு.

அந்த ஒழுங்கு கடினமானதும் இல்லை. நான் வேலை கற்றுக்கொண்ட மேசையில் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். மரணச் செய்தியைக் கொண்டுபோய் நீட்டினால், உறுதி செய்தவரின் பெயர், அவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, பேசிய நேரம் ஆகிய மூன்றையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்வார். எழுத முடியாவிட்டால் செய்தி அச்சுக்குப் போகாது. போட்டிப் பத்திரிகையில் வந்துவிட்டது என்று சொன்னால், “அவர்களிடம் பேசியவர் யார் என்று கேட்டுச் சொல்” என்பார். இன்று கணினித் திரையில் அந்த மூன்று விவரங்களுக்கும் மூன்று கட்டங்கள் வைக்கலாம். நிரப்பினால்தான் செய்தி வெளியாகும் என்று அமைக்க எந்தச் செய்தி நிறுவனத்துக்கும் பெரிய செலவு ஆகாது.

இதோடு இன்னும் சில. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமோ அவர் சார்பில் பேச உரிமை பெற்றவரிடமோ கேட்டு, பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். பி.ஆர்.ஓ. எதையும் மறுக்கத்தான் செய்வார் என்றால், அந்த மறுப்பையும் சேர்த்து எழுதலாம். காவல்துறையிடம் ஒருவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றமே சாட்சியமாக ஏற்பதில்லை. அதை வைத்து நடிகைகளின் பெயர்களையும் படங்களையும் அச்சிடுவது அநீதி. குழந்தைகளின் வாழ்க்கை செய்தி ஆகாது. தவறு நேர்ந்தால், செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் வர வேண்டும். இணையத்தில் சத்தமில்லாமல் அழிப்பது திருத்தம் ஆகாது. அதே இணைப்பில், என்ன தவறு, எப்போது திருத்தினோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் சில செய்திகளில் அரை மணி நேரம் பின்தங்குவோம். பின்தங்கட்டும். ஒருவர் இறந்ததை அரை மணி தாமதமாக அறிந்ததால் எந்த வாசகரும் நட்டப்பட்டதில்லை. உயிரோடு இருப்பவரை இறந்தவராக அறிந்ததால் நட்டப்பட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தவறான சினிமாச் செய்தியைப் பார்த்தால் திட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வந்த நாளையும் தலைப்பையும் குறிப்பிட்டு அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதுங்கள். மின்னஞ்சலாகவோ அஞ்சல் அட்டையாகவோ இருக்கலாம். நீளமாக எழுத வேண்டியதில்லை. இந்தச் செய்தியை உங்களுக்கு உறுதி செய்தவர் யார் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை, அரசியல் பக்கத்துக்கு இருப்பதைப் போலவே சினிமா பக்கத்துக்கும் உண்டு.